ரெய்னோவின் கௌதாரிக் காடு

என் புருஷன் ரெய்னோ வாய் ஓயாத மனிதர். என் எடை, எங்கள் வீட்டுச் சண்டை, என் அம்மாவின் சமையலைப் பற்றிய தன் மேலான அபிப்பிராயம் எல்லாவற்றையும் ஊர் மதுக்கடையில் உட்கார்ந்து விலாவாரியாகச் சொல்வார். தன் கௌதாரிக் காடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய பெண்டாட்டி என்னிடமும்தான்.

எங்கள் வட மிச்சிகனில் அக்டோபர் பிறந்தால் போதும், துப்பாக்கியும் நாயுமாகக் கிளம்பிவிடுவார். வண்டியைத் தேவாலயத்துக்கு எதிரே நிறுத்திவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துக் காட்டுக்குள் நுழைவார். பார்க்கிறவர்கள், 'ரெய்னோவுக்குத்தான் என்ன பக்தி!' என்று நினைக்க வேண்டுமாம். நாள் முழுக்க முள்ளில் கிழிபட்டுச் சாயங்காலம் ஒரே ஒரு பறவையோடு வருவார். அதிலும் பாதி ஈயக்குண்டு. அதை நான் வெண்ணெயில் வதக்க, அவர் பல்லை உடைத்துக்கொள்ளாமல் மெல்ல, எங்கள் விருந்து அமோகமாக நடக்கும். மற்ற நாளெல்லாம் கடைக் கோழிதான்.

போன வருஷம் முதல் பனி விழுந்த அன்று மத்தியானம் போன் வந்தது.

"லெம்பி, விழுந்துட்டேன். கால் போச்சு. எலும்பு வெளியில தெரியுது."

"ஐயோ! எங்கய்யா கிடக்கே?"

அதைச் சொல்லாமல் மெதுவாகக் கேட்டார்.

"யாரை அனுப்புவே?"

"ஆம்புலன்ஸ்ல இன்னிக்கு டுவைன்தான்."

"அவனா? வேணாம். அவன் வேட்டைக்காரன். இடத்தைப் பாத்துட்டா அடுத்த வாரமே நாயோட வந்து நிப்பான். வேட்டைக்குப் போகாத ஆளா பாத்து அனுப்பு."

"இந்த ஊர்ல பாதிரியாரே துப்பாக்கி தூக்குறாரு. நான் எங்க போய் ஆள் தேடுறது? நீ அங்கேயே விறைச்சுச் சாவு. பொணத்தையாவது எங்க வந்து எடுக்கணும்னு சொல்லிட்டுச் சாவு!"

போனை வைத்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டுவைனைக் கூப்பிட்டேன்.

"அவரு கால் ஒடைஞ்சு காட்டுல கிடக்காரு டுவைன். எங்கேன்னு சொல்ல மாட்டேங்குறாரு."

"பாழடைஞ்ச ஆப்பிள் தோட்டம் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடிதான்க்கா. இதோ கிளம்பிட்டோம்."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"ஊருக்கே தெரியும்க்கா. அண்ணனோட இடமாச்சேன்னு நாங்க யாரும் அந்தப் பக்கம் போறதில்ல. நீங்க காட்டிக்காதீங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். உதடெல்லாம் நீலம். அந்த நிலையிலும், "சுத்திப் பாக்காதடா" என்று முனகினார். டுவைன் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எந்தப் பக்கம் வந்தோம்னே தெரியலண்ணே. நாய் குரைச்ச சத்தத்தை வெச்சுத்தான் வந்தோம்."

கால் தப்பித்தது. ஆனால் இனிக் காட்டில் நடப்பதை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ரெய்னோ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. இந்த மனிதர் வாயை மூடினால் எனக்கு நிம்மதி என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். மூடியபோது பயமாகத்தான் இருந்தது.

ஒருநாள் டுவைன் ஆஸ்பத்திரிக்கு வந்தான், வழக்கம்போல வெறுங்கையோடு. கட்டிலோரம் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, அன்னிக்கு இருந்த பதற்றத்துல வழியைக் கவனிக்காம விட்டுட்டேன். இனிமே உங்களுக்கு அந்த இடம் எதுக்கு? எனக்காவது சொல்லுங்களேன். காலைப் புடிச்சுக் கேக்குறேன்."

ரெய்னோ மெல்லத் திரும்பினார். முகத்தில் ரத்தம் ஏறியது. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"செத்தாலும் சொல்ல மாட்டேன். போடா வெளியே!"

டுவைன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். எனக்கு அவனைக் கும்பிடலாம் போல இருந்தது.

"பாத்தியா லெம்பி, எப்படி அலையுறான்னு!" என்றார் ரெய்னோ. அப்புறம், சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார்.