முத்தம்மா அக்காவின் காலும் என் பாட்டும்

"அடப்பாவிங்களா!" என்று நான் கத்திய கத்தலில் பஸ் டிரைவரே திரும்பிப் பார்த்தார். பக்கத்து சீட்டு கல்பனாவின் போனில் எங்கள் கம்பெனியின் ஆள்சேர்ப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. புதுச் சீருடையில் யாரோ நாலு பெண்கள், எங்கள் லைனில் ஒரு நாள்கூட நின்றிராதவர்கள், சிரித்துச் சிரித்து ஆடுகிறார்கள். பின்னால் கேட்பது என் பாட்டு.

சும்மா சொல்லவில்லை, நானே கட்டியதுதான். தேர்வாய் கண்டிகைக்குப் போகிற இதே கம்பெனி பஸ்ஸில் கட்டியது. பேக்கிங் லைனில் என் பக்கத்தில் நிற்கிற முத்தம்மா அக்காவுக்குச் சாயங்காலமானால் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாது. உட்கார ஒரு ஸ்டூல் கேட்டதற்கு சூப்பர்வைசர், "ஊட்ல போய் உக்காரு" என்றான். அந்த வயிற்றெரிச்சலில் வந்தது பாட்டு:

நின்னு நின்னு காலு வீங்குது
ஸ்டூலு கேட்டா வாயி நீளமாம்

பஸ் முழுக்கப் பாடினோம். யாரோ எடுத்த வீடியோ வாட்ஸப்பில் சுற்றியது. அங்கிருந்து சுட்டிருக்கிறார்கள். விளம்பரத்தில் அது இப்படி ஆகியிருந்தது:

நின்னு நின்னு பேரு ஓங்குது
ஸ்டைலு பாத்தா ஊரே பேசுமாம்

திருடியதோடு விட்டார்களா? குதறியும் வைத்திருக்கிறார்கள்!

எங்கள் சர்ச்சில் கிடார் வாசிக்கிற ஸ்டீபன், திருவள்ளூர் கோர்ட்டில் வக்கீல். அவனிடம் கேட்டேன்.

"நீ பாடுன வீடியோ தேதியோட கீதுல்ல? அப்ப பாட்டு உன்னுதுதான். எங்கயும் பதிவு பண்ணணும்னு அவசியமே இல்ல. உன் பேர போடணும். உன் வார்த்தைய கெடுக்கவும் கூடாது. ரெண்டும் தனித்தனி உரிம" என்றான்.

பேர் போடணும் என்கிற முதலாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு எச்.ஆர். வரதன் சாரிடம் போய் நின்றேன்.

"கம்பெனி பஸ்ல, கம்பெனி ஆளு பாடினது. அப்ப கம்பெனி பாட்டுதானேம்மா?" என்றார் அவர், ஏதோ குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

எனக்கு வந்ததே கோபம்! "போன மாசம் அதே பஸ்ல மேரிக்கு கை ஒடஞ்சப்ப இன்னா சார் சொன்னீங்க? பஸ்ல வர்றது ட்யூட்டி இல்ல, கேட்டுக்குள்ள வந்தாதான் ட்யூட்டின்னீங்க. கை ஒடஞ்சா நாங்க வேற, பாட்டு கட்னா மட்டும் கம்பெனி ஆளா?"

அவர் மோவாயைத் தடவினார். "சரி சரி, பேர்தானே? போட்டுடலாம்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன், முட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினால் ஒருத்தியும் பேசவில்லை. விளம்பரத்தில் அதே குதறிய வார்த்தை. கீழே கொட்டை எழுத்தில், "பாடல்: சோனியா, பேக்கிங் பிரிவு."

"என் காலு வீங்குனத வெச்சுத்தான பாட்டு கட்ன?" என்றார் முத்தம்மா அக்கா. "இப்ப பேரு ஓங்குதுன்னு மாத்திக்கினு, உன் பேரயும் போட்டுக்கினு கீற. எவ்ளோ டப்பு குடுத்தானுங்க?"

"ஏசு சத்தியமா நான் மாத்தலக்கா!"

"கீழ உன் பேருதான கீது" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாட்டைத் திருடியபோது கோபம்தான் வந்தது. என் பேரை வைத்தே அக்காவைக் கேலி பண்ணியபோது அழுகையே வந்துவிட்டது. ஸ்டீபன் சொன்ன இரண்டாவது உரிமை அப்போதுதான் மண்டையில் ஏறியது.

சாப்பாட்டு நேரத்தில் வரதன் சார் அறைக்குள் கதவைக்கூடத் தட்டாமல் போய், என் பேரை எடுக்கச் சொன்னேன்.

"நேத்து பேரு போடுன்ன, இன்னிக்கு எடுன்ற. சரியான பேஜாரும்மா நீ! என்னதான் வேணும் உனக்கு?"

"அது என் வார்த்த இல்ல சார். போட்டா நான் கட்ன மாதிரியே போடுங்க, காலு வீங்குதுன்னு. இல்லாட்டி தூக்குங்க. எங்க வக்கீலு நோட்டீஸ் அனுப்பறதுக்கு ரெடியா கீறாரு."

கால் வீங்குகிறது என்று பாடி யார் வேலைக்கு ஆள் எடுப்பார்கள்? ஷிப்ட் முடிவதற்குள் விளம்பரம் காணாமல் போயிருந்தது.

பஸ்ஸில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டினார்கள். கல்பனா விசிலே அடித்தாள். முத்தம்மா அக்கா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்காலை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனச்சிட்டேன்டி, மனசுல வெச்சுக்காத" என்றார். பிறகு கேட்டார், "பாட்டுல ஒரு வார்த்த மாத்துனாக்கூட கேக்கறதுக்கு சட்டம் கீதா?"

"கீதுக்கா."

"உன் பாட்டு தப்பிச்சிக்கிச்சு, சந்தோஷம். நாளைக்கும் நான் நின்னுக்கினுதான இருக்கப் போறேன்? என் காலுக்கு இன்னா சட்டம் கீதுன்னு அந்த வக்கீலு தம்பிய ஒரு வார்த்த கேளேன்."

நான் ஸ்டீபனுக்குப் போன் போட்டேன்.