விசாரணைக் கவுன்டரில் சொன்ன பதில்

எபோலா வார்டைத் திறந்த அன்றே கண்காணிப்பாளர் என்னிடம் சொன்னார்: "யார் வந்து கேட்டாலும் நல்லா இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்கம்மா. உண்மையைச் சொன்னா ஊரே பயந்துடும்." பதினோரு வருடமாக விசாரணைக் கவுன்டரில் இருப்பவள் நான். தலையாட்டிவிட்டேன்.

நோயாளிகளை ஏற்றி வந்த எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் தொற்றிவிட்டது. "உங்க குரல் இருந்தா வண்டிக்கு சைரனே வேணாம்" என்று என்னைக் கிண்டல் செய்கிறவர். கல்யாணமாகி வேறு வீட்டிலிருந்த அவருடைய தங்கை தினமும் காலையில் வந்து கேட்பாள். நானும் "நல்லா இருக்கார்" என்றே சொல்வேன்.

ஐந்தாம் நாள் வார்டு நர்ஸ் போனில் கூப்பிட்டாள். "ரொம்ப மோசமா இருக்காருக்கா. தங்கச்சியைக் கேட்டுக்கிட்டே இருக்கார். கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்க்கலாம்." தங்கை என் எதிரேதான் நின்றிருந்தாள். பக்கத்தில் கண்காணிப்பாளர்.

"நல்லா இருக்கார்மா" என்றேன்.

மறுநாள் மதியம் அவர் இறந்துபோனார்.

"நீங்க சொன்னதை நம்பித்தானேக்கா இன்னைக்கு வேலைக்குப் போனேன்" என்றாள் தங்கை. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று மாலையே வாசலில் கூடியிருந்தவர்களிடம் போய், உள்ளே எத்தனை பேர், இறந்தவர்கள் எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாரும் ஊரைவிட்டு ஓடவில்லை. வீட்டில் காய்ச்சலை மறைத்து வைத்திருந்தவர்கள்கூட வந்து சேர்ந்தார்கள்.

என்னைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. முந்தின நாளே சொல்லியிருந்தால் அந்தப் பெண் தன் அண்ணன் முகத்தையாவது பார்த்திருப்பாள்.