அவிழ்க்காமல் விட்ட கயிறு

லிஃப்ட் மெக்கானிக் மார்க்கெட்டில் உருளைக்கிழங்குப் பையைத் தூக்கக் குனிந்தபோது, இரண்டு ஊர் தள்ளி ஒரு பல் டாக்டர் கையில் குறடோடு ஓரடி பின்னால் இழுபட்டார். நோயாளியின் கடைவாய்ப் பல் வலியே இல்லாமல் கூடவே வந்துவிட்டது. நோயாளி கைராசிக்கார டாக்டர் என்று வாழ்த்திவிட்டுப் போனார். டாக்டர் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். அங்கே பெல்ட்டைத் தவிர ஒன்றும் இல்லை. இருந்தாலும் யாரோ கட்டிப் பிடித்திருப்பது போல் இறுக்கமாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்பு டாக்டரும் மெக்கானிக்கும், கார் ஓட்டக் கற்றுத்தரும் டீச்சர் ஒருத்தியும் விடுமுறைக்கு மலையேறப் போயிருந்தார்கள். அழைத்துப் போனவள் அந்த மலையடிவாரத்தில் புருஷனோடு சேர்ந்து தொழில் நடத்திய வழிகாட்டி. கயிற்றின் முதல் ஆளாக அவள் நடப்பதால் எல்லோரும் அவளை முன்கயிறு என்றே கூப்பிட்டார்கள், முகாமில் சமைக்கும் புருஷன் உட்பட. அங்கே இரண்டு சிகரங்கள். சின்னதின் பெயர் சித்தி, பெரியதின் பெயர் பெரியம்மா. சித்தி வந்தவர்களை ஏற்றுக்கொண்டு, படம் எடுக்கவிட்டு, பத்திரமாகத் திருப்பி அனுப்பும் குணமுள்ளது. பெரியம்மா அப்படியில்லை, முன்கயிறே அதன் உச்சியை இன்னும் பார்த்ததில்லை. ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவள் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இருந்த ஆசை.

இவர்கள் நால்வரும் ஏறியது சித்தி மேல்தான். ஏறியதில் குறையில்லை, இறங்கியதிலும் குறையில்லை. அவிழ்த்ததில்தான் குறை. அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. பனி முடிந்து மண் தொடங்கும் இடத்தில் எல்லோரும் நின்றதும் கடைசி ஆளிடமிருந்து அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொருவரிடமும் முன்கயிறு "வந்துட்டீங்களா?" என்று கேட்பாள். அவர் "வந்துட்டேன்" என்று சொன்ன பிறகே முடிச்சில் கை வைப்பாள். எல்லோரும் முடிந்ததும் புருஷன் வந்து அவளைக் கேட்பான். அன்றைக்கு அவர்கள் மண்ணில் கால் வைத்த நேரம் பார்த்து சமையல் கூடாரம் தீப்பிடித்தது. அவள் தன் கொக்கியை முதலில் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள், மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்கள். ஒரு பானை சூப்பை ஊற்றித் தீயை அணைத்தார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பஸ் ஹாரன் அடித்தது, ஏறிப் போய்விட்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. கயிறு கழுவி, காய்ந்து, ஆணியில் தொங்கியது. ஆனாலும் அவர்கள் நால்வரும் கட்டப்பட்டேதான் இருந்தார்கள்.

இதைக் கண்டுபிடித்தது டீச்சர். கற்றுக்கொள்பவர் பக்கம் ஒரு பிரேக், தன் பக்கம் ஒரு பிரேக் என்று இரண்டு பிரேக் உள்ள வண்டியில் வாழ்நாளைக் கழித்தவள் அவள். காரணம் தெரியாமல் ஒன்று நகர்ந்தால் விடமாட்டாள். மற்ற இருவருக்கும் போன் போட்டு, "இப்ப யார் குனிஞ்சது? உண்மையச் சொல்லுங்க!" என்று அதட்டினாள். மெக்கானிக் செருப்பு மாட்டக் குனிந்ததாக ஒப்புக்கொண்டார். பிறகு பழகிவிட்டது. மலையில் கற்ற சைகையையே வைத்துக்கொண்டார்கள்: ஒரு இழுப்பு என்றால் "இருக்கீங்களா?", இரண்டு இழுப்பு என்றால் "கொஞ்சம் கயிறு விடுங்க". டாக்டர் கஷ்டமான பல் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவார், மெக்கானிக் அந்த நேரம் பார்த்துக் குனிவார். கிளினிக்கில் கூட்டம் தெருவரை நின்றது.

மெக்கானிக் வாழ்நாளெல்லாம் மற்றவர்களை மேலே அனுப்பிவிட்டுக் கீழே நின்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். காலையில் டீ போடுவதற்கு முன் இடுப்பைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார். டாக்டர் பல் துலக்கியபடி பதில் இழுப்பார், டீச்சர் ஷூ நாடா கட்டியபடி இழுப்பாள். மலைப்பக்கமிருந்து, காரணம் தெரியாமலே, லேசாக ஒன்று வரும். அதற்குப் பிறகுதான் அவருக்கு டீ இறங்கும். ஒருநாள் காலை இழுப்புக்குப் பதில் பெரிய பாரம் வந்தது. டாக்டரும் டீச்சரும் யோசிக்காமல் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தார்கள், மலையில் கற்றுத்தந்தபடி. மெக்கானிக் குளியலறையில் சோப்பை மிதித்திருந்தார். விழ வேண்டிய தலை தரைக்கு ஒரு முழம் மேலே அந்தரத்தில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்து வரும்வரை அப்படியே தொங்கினார். வந்தவர் முதலில் ஒரு துண்டைத்தான் கொடுத்தார்.

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கஷ்டம் முன்கயிற்றுக்கு. அந்தக் கயிறு பக்கவாட்டில் ஊர் ஊராக நீண்டு கொடுத்தது. மேலே மட்டும் அங்குலம்கூட நீளவில்லை. சித்தியின் தோளைத் தாண்டினால் அவளால் அடுத்த அடி வைக்க முடியவில்லை. முதலில் மூட்டு வலி என்று நினைத்தாள், பிறகு புருஷன் சமையலின் மேல் பழி போட்டாள். ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்ததில், டீச்சரின் கார் பின்பக்கமாக நடைபாதையில் ஏறியது, டாக்டர் கிளினிக் சுவரில் காலண்டர் மாதிரி ஒட்டிக்கொண்டார். சுவரில் இருந்தபடியே அவளுக்குப் போன் செய்து நல்ல வார்த்தையில்தான் விசாரித்தார்; அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. வந்த கூட்டங்கள் பாதியில் திரும்பின. பெரியம்மாவுக்குப் போக மூன்று பேர் பதிவு செய்திருந்தார்கள். இந்தப் பருவம் தவறினால் கடையை மூட வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். பயந்தாள், பயந்ததை மறைக்கப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

"கூப்பிட்டு முறையா அவுத்து விட்டுடேன்" என்றான் புருஷன். "விட்ட குறை தொட்ட குறைன்னு எத்தனை நாளைக்கு?"

கூப்பிட்டதும் மூவரும் வந்தார்கள். பனி முடிந்து மண் தொடங்கும் அதே இடத்தில் வரிசையாக நின்றார்கள். கடைசி ஆள் மெக்கானிக். முன்கயிறு அவர் எதிரில் போய் நின்றாள்.

"வந்துட்டீங்களா, அண்ணே?"

மெக்கானிக் காலடியைப் பார்த்தார். "இல்லம்மா."

"கண்ணு முன்னாடி நிக்கிறீங்களே!"

"நிக்கிறேன். ஆனா வந்துட்டேன்னு சொல்லிட்டா, நாளைக்குக் காலைல நான் யாரை இழுக்கறது?"

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அப்ப என் பொழப்பு? பெரியம்மா மூஞ்சியப் பாக்காமலே நான் கிழவி ஆயிடணுமா?"

மெக்கானிக் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் மூக்கைத் தேய்த்தார். "தப்புதாம்மா. உன் வழியில நான் நிக்கக்கூடாது. சொல்லிடறேன். வந்து..."

"நிறுத்துங்க!" என்று கத்தி, டீச்சர் வலது காலால் பனியை ஓங்கி மிதித்தாள். பழக்க தோஷம். மிதித்த பிறகுதான் ஏன் மிதித்தோம் என்று யோசித்தாள். "எனக்கும் சொல்ல இஷ்டமில்ல" என்றாள். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழில் காரணங்களுக்காகத் தானும் அதே கட்சி என்றார். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது, அதற்கும் தொழிலுக்கும் சம்பந்தமில்லை.

முன்கயிறு மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை நாள் அவிழ்ப்பதைப் பற்றியே நினைத்தோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேலே போகக் கயிறு பற்றவில்லை, அவ்வளவுதானே? மலையில் கயிறு பற்றாவிட்டால் யாராவது ஆளை அறுத்துவிடுவார்களா? "என்னங்க, ஸ்டோர்ல இருக்கற கயிறையெல்லாம் கொண்டு வாங்க!" என்று குரல் கொடுத்தாள். புருஷன் எல்லாவற்றையும் அள்ளி வந்தான், துணி காயப்போடும் கொடிக்கயிறு உட்பட. தனக்கும் டாக்டருக்கும் நடுவில் வெறும் காற்றைப் பிடித்தாள். கைக்கு இடம் தெரிந்தது. இரட்டை முடிச்சாகப் போட்டு, ஒன்றோடு ஒன்றாக அத்தனை கயிற்றையும் சேர்த்துக் கட்டினாள். கட்டக் கட்ட ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு புருஷன் கொஞ்சம் வருத்தமாகப் பார்த்தான்.

அந்தப் பருவத்திலேயே புதிய மூன்று பேரோடு பெரியம்மாவின் உச்சியில் நின்றாள். படம் எடுக்கக்கூடத் தோன்றவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். இறங்கும்போது ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது உண்மையாயிற்று. காலடியில் பனி உடைந்து அவள் சரிந்தாள்; பின்னால் கட்டியிருந்த மூவரும் புதியவர்கள், அவர்களும் கூடவே சரிந்தார்கள். அதே நொடியில் டீச்சர் இரண்டு பிரேக்கையும் ஒரே நேரத்தில் மிதித்தாள், எந்தக் காலால் எது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. டாக்டர் கிளினிக் தரையில் குப்புற விழுந்து டைல்ஸ் இடுக்கில் குறடைக் குத்தினார். மூன்றாம் மாடியில் மெக்கானிக் ஃப்ரிட்ஜைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கதவு திறந்து முட்டைகளெல்லாம் உடைந்த பிறகும் விடவில்லை. மலையில் நால்வரின் சரிவும் நின்றது. பிறகு எழுந்து பனியைத் தட்டிவிட்டு நடந்தார்கள்.

மண்ணுக்கு வந்ததும் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கேட்டு அவிழ்த்தாள். மூவரும் வந்துட்டேன் என்றார்கள். கடைசியாகப் புருஷன் அவளிடம் வந்து, "நீ வந்துட்டியா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் இப்ப கேக்காதீங்க" என்றாள். "பசிக்குது."

டாக்டர் தன் வாசலில் ஒரு பலகை மாட்டினார்: டாக்டர் திடீரெனத் தரையில் படுத்தால் நோயாளிகள் பயப்படாமல் வாயைத் திறந்தபடி காத்திருக்கவும். நோயாளிகளும் அப்படியே காத்திருந்தார்கள்.

முன்கயிறு இறங்கிய மறுநாள் காலை மெக்கானிக் புது முட்டை வாங்கி வந்து அடுக்கிவிட்டு, டீ போடுவதற்கு முன் இடுப்பைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். முந்தைய நாள் பாரத்தை நினைத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டார். டாக்டர் பதில் இழுத்தார், டீச்சர் பதில் இழுத்தாள். மலையடிவாரத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த முன்கயிறு கட்டிலிலிருந்து பொத்தென்று தரையில் விழுந்தாள். பக்கத்தில் படுத்திருந்த புருஷன் கண் திறக்காமலே போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இருக்கேன், அண்ணே, இருக்கேன்" என்று சொல்லி, தரையில் உட்கார்ந்தபடியே அவள் பதில் இழுத்தாள்.