ஓடி வந்து ஏறு

ரயிலை விட்டு இறங்கியதும் கிராசியெல்லா கண்ணில் பட்டவை இரண்டு சைக்கிள்கள். ஒன்றில் உட்கார்ந்திருந்த பெண், இன்னொன்றின் ஹேண்டில்பாரை ஒரு கையால் பிடித்து, கன்றுக்குட்டியைக் கூட்டி வருவது போலப் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தாள். அவள் பெயர் ஃபெம்கா. எதிரே கடலுக்குள் இருக்கும் தீவில் அவள் அம்மா நடத்தும் விடுதியில்தான் கிராசியெல்லாவுக்குக் கோடைகால வேலை.

"கிராசியெல்லாதானே? சீக்கிரம் ஏறு. கடைசிப் படகு கிளம்பிடும்."

கிராசியெல்லா சைக்கிளைவிட்டு ஓரடி தள்ளி நின்றாள். மால்டாவின் மேட்டுத் தெருக்களில் அப்பாவின் காரிலேயே வளர்ந்தவள் அவள். பத்தொன்பது வயதில் இப்போதுதான் முதன்முறையாகத் தனியாக நாடு தாண்டியிருக்கிறாள். "பொழுது சாயறதுக்குள்ள அழுதுகிட்டே போன் பண்ணுவா, பாருங்க" என்று அண்ணன் கர்ட் தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருந்தான். அதை நம்பித்தானோ என்னவோ, அம்மா இவள் படுக்கையைக்கூட மடித்து வைக்கவில்லை. விமானத்தையும் ரயில்களையும் ஒற்றை ஆளாகச் சமாளித்து வந்தாயிற்று. கடைசியில் இந்த இரண்டு சக்கரத்திடமா தோற்பது?

"எனக்கு ஓட்டத் தெரியாது."

ஃபெம்கா சிரித்தாள். விளையாட்டில்லை என்று புரிந்ததும் வாயைப் பிளந்தாள். இங்கே விருந்தாளியை அழைத்துவர உபரி சைக்கிளோடுதான் போவார்கள். வருகிறவருக்கு ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்டு வைப்பதில்லை.

"அப்போ ஸ்கூலுக்கு எப்படிப் போனே?"

"அப்பா கார்ல கொண்டு விடுவார்."

"தினமுமா? மகாராணிதான் போ!"

உபரி சைக்கிளைப் பூட்டி நிறுத்திவிட்டு, கிராசியெல்லாவின் பையைத் தன் சைக்கிளின் முன்பெட்டியில் திணித்தாள் ஃபெம்கா. பின்னால் கேரியரைத் தட்டிக் காட்டினாள். கிராசியெல்லா அதில் கார் சீட்டில் உட்காருவது போல வசதியாக உட்கார்ந்துகொண்டாள். ஃபெம்கா மிதித்தாள். சைக்கிள் தள்ளாடியது. இரண்டு பேரும் வேலிச்செடிக்குள் விழுந்தார்கள்.

"முதல்லயே உக்காந்துட்டா உன்னை யாரு இழுக்கிறது? நான் கிளம்பறேன். நீ பின்னாடியே ஓடி வந்து, பக்கவாட்டுல எகிறி உக்காரு. எங்க ஊர்ல பொடிசுங்களே செய்யும்."

ஓடினாள், எகிறினாள். தார்ச்சாலையில் உட்கார்ந்தாள். எதிரே சைக்கிளில் வந்த கிழவர் ஒருவர், "இடுப்பு பத்திரம், பாப்பா!" என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் போனார். உள்ளங்கை சிராய்த்து எரிந்தது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. கர்ட். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இப்போது எடுத்தால் அழுதுவிடுவாள், அவன் ஜெயித்துவிடுவான். அடித்து ஓயட்டும் என்று விட்டாள்.

"விடு, நாளைக்குக் காலைப் படகுல போய்க்கலாம்," என்றாள் ஃபெம்கா, பாவப்பட்டு.

"நீ மிதி," என்றாள் கிராசியெல்லா.

இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. ஃபெம்காவின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடி, எகிறினாள். கேரியர் கம்பி தொடையில் சுளீரென்று இடித்தது. சைக்கிள் ஒருமுறை ஆடி நிமிர்ந்தது.

"உக்காந்துட்டியாடி?"

"உக்காந்துட்டேன்! நிறுத்தாதே, மிதி மிதி!"

கடல் கரைமேட்டில் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்க்குமளவுக்கு இரண்டு பேரும் கத்திக்கொண்டே போனார்கள். படகுத்துறையில் சங்கிலியைக் கையில் பிடித்து நின்றிருந்த ஆள், "ஏன், விடிஞ்சப்புறம் வர்றதுதானே!" என்று திட்டிக்கொண்டே வழிவிட்டான். படகு நகர்ந்ததும் கரையைப் பார்த்துக் கிராசியெல்லா தன்பாட்டுக்குச் சிரித்தாள். இத்தனை சந்தோஷமாக இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

தீவில் இறங்கும்போது மறுபடியும் போன். முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. எடுத்தாள்.

"என்ன குட்டி, அழுதாச்சா?" என்றான் கர்ட்.

பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஃபெம்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல், மிதித்துக் கிளம்பிவிட்டிருந்தாள்.

"இருடா!" என்று போனைக் கையில் பிடித்தபடியே கிராசியெல்லா ஓடினாள். வானம், செருப்பு, ஓர் ஆடு, மறுபடியும் வானம் என்று எல்லாம் கர்ட்டுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். "என்ன ஆச்சு? கிராசி! என்ன ஆச்சு?" என்று அலறினான்.

பிறகு படம் ஆடாமல் நின்றது. அதில் சாலை பின்னால் போய்க்கொண்டிருந்தது.