ஆளில்லாத தெரு

"பாலம் எந்தக் கட்சிப்பா?" என்று தையற்காரரின் மகள் ஒருமுறை கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. தெருமுனையில் சாக்கடைக்கு மேலிருந்த சிறு பாலம் உடைந்து விழுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"அது எதுலயும் சேரலம்மா. அதான் கேக்க ஆளில்ல" என்றார் தையற்காரர், உதட்டில் கடித்திருந்த குண்டூசிகளை எடுக்காமலே.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வேன் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிப்போகும். பாலம் விழுந்தபின் வேன் அக்கரையிலேயே நின்றது. நடுவே ஒரு பலகை. அதன்மேல் அவர் முன்னால் பின்பக்கமாக நடக்க, அவர் கைகளைப் பிடித்தபடி அவள் அடிமேல் அடி வைத்து வருவாள். திரும்பி வரும்போது அவளுக்கு நிற்கவே தெம்பு இருக்காது; முதுகில் சுமந்து வருவார்.

அந்தத் தெருவில் எழுபத்தொன்பது வீடுகள். முப்பத்தொன்பது ஆளுங்கட்சி, முப்பத்தொன்பது எதிர்க்கட்சி. மீதி ஒன்று தையற்காரர். இரண்டு கட்சிக் கொடிகளையும் அவர்தான் தைத்தார்.

ஆளுங்கட்சிக்குத் தலைவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். ஊரே அவரை 'மைக்' என்றுதான் கூப்பிடும். எதிர்க்கட்சிக்கு ஜெராக்ஸ் கடைக்காரர். பாலம் விழுந்த பிறகு மைக், 'அரசைத் திருத்தும் மக்கள் மன்றம்' என்று ஒன்றைத் தொடங்கினார். ஆளுங்கட்சிக்காரர் அரசை எப்படித் திருத்துவார் என்று கேட்டதற்கு, "உள்ள இருந்துதான்யா திருத்தணும்" என்றார். மறுநாளே ஜெராக்ஸ்காரர், 'அரசைத் திருத்தும் அசல் மக்கள் மன்றம்' தொடங்கினார். மந்திரிகளை எப்படித் திரும்ப அழைப்பது, நீதிபதிகளை யார் நியமிப்பது, பட்ஜெட்டை மக்கள் எப்படித் தணிக்கை செய்வது என்று இரண்டு மன்றங்களும் ஆளுக்கு இருபத்துமூன்று அம்சத் திட்டம் வெளியிட்டன. எந்த அம்சத்திலும் பாலம் இல்லை. அது சின்ன விஷயம்.

தையற்காரர் இருவரிடமும் நடையாக நடந்ததால், பாலத்துக்கும் ஒரு மனு கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. நகராட்சியின் விதி எளிமையானது: வீட்டுக்கு ஒரு கையெழுத்து; பாதிக்கு மேற்பட்ட வீடுகள் கையெழுத்திட்ட மனுவே செல்லும். அதாவது நாற்பது. இரு மன்றங்களும் தனித்தனி மனு எழுதி, முப்பத்தொன்பதில் முட்டிக்கொண்டு நின்றன. தையற்காரர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பாலம் வந்தால் போதும், யார் மனுவில் வந்தால் என்ன என்று அந்த மனுஷர் நினைத்துவிட்டார்.

சேதி அன்று மாலையே பரவியது.

"ரெண்டு பக்கமும் போட்டிருக்கான். அப்ப அவன் அவங்க ஆளு" என்றார் மைக்.

"ஒற்றன்" என்றார் ஜெராக்ஸ்காரர்.

இரண்டு பேரும் அவர் பெயரை அடித்தார்கள். அடித்ததும் இரண்டு மனுவிலும் ஒரு கையெழுத்து குறைந்தது. அதைச் சரிக்கட்ட இருவருக்கும் ஒரே யோசனை, தனித்தனியாகத் தோன்றியது. 'கீழ்க்கண்ட நாற்பது பேரும் இத்தெருவில் குடியிருப்பவர்களே அல்லர், போலிகள்' என்று எதிர்த்தரப்பின் பட்டியலை, தையற்காரரையும் சேர்த்து, இணைப்பாகக் கொடுத்தார்கள். எதிரி கழிந்துவிட்டால் நாமே பெரும்பான்மை என்பது கணக்கு.

நகராட்சி எழுத்தர் நிதானமான பெண்மணி. இரண்டு மனுக்களையும் சேர்த்துத் தைத்தார். இரண்டு இணைப்புகளிலும் உள்ள பெயர்களைக் குடியிருப்போர் பேரேட்டில் வரிசையாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் அடிக்க யாரும் மிச்சமில்லை. பத்தாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் மனுக்களின்படி மேற்படி தெருவில் குடியிருப்போர் எவருமில்லை. ஆளில்லாத தெருவுக்குப் பாலம் தேவைப்படாது.'

இரண்டு மன்றங்களும் வெற்றி விழா கொண்டாடின. எதிர்த்தரப்பு போலி என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டதல்லவா? தாங்களும் அந்தப் பட்டியலில் இருந்ததைக் குப்பை வண்டி வராமல் போன மூன்றாம் நாள்தான் கவனித்தார்கள். அப்போதும், முதலில் எழுதியது அவன்தான் என்று விரல் நீட்டிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியும் நகராட்சிப் பட்டியலைத்தான் பார்க்கும். வேன் ஓட்டுநர் அக்கரையில் நின்றபடியே சொன்னார்.

"அண்ணே, வியாழக்கிழமையோட உங்க டயாலிசிஸ் அட்டை ரத்துன்னு சொல்லிட்டாங்க. அந்தத் தெருவுல யாருமே இல்லையாம்."

"நான் இங்கதானப்பா நிக்கிறேன்."

"எனக்குத் தெரியுதுண்ணே. கம்ப்யூட்டருக்குத் தெரியலையே."

தையற்காரர் எழுத்தரிடம் ஓடினார். அவர் இரக்கப்பட்டு ஒரு படிவம் கொடுத்தார். "உங்களை இல்லைன்னு சொன்னவங்கள்ல ஒருத்தர், இருக்கார்னு கையெழுத்துப் போட்டாப் போதும். உங்களுக்கு ஈசி. மத்தவங்களுக்கு எதிர்க்கட்சி ஆளு மட்டும்தான், அதாவது அவங்களை இல்லைன்னவங்கதான் போடலாம். உங்களுக்கு ரெண்டு பக்கமும் போடலாம்."

ஜெராக்ஸ்காரர் படிவத்தை வாங்கி, மிகுந்த அக்கறையோடு இரண்டு நகல் எடுத்துக்கொடுத்தார். "முதல்ல அவரு போடட்டும். நான் போட்டா நாங்க தோத்த மாதிரி ஆயிடும்" என்றார்.

மைக் வீட்டில் அன்று மன்றக் கூட்டம். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரே ஒரு கையெழுத்துண்ணே" என்றார் தையற்காரர்.

"போட்டுடலாம் தம்பி. ஆனா நாங்க எழுதிக் கொடுத்தது பொய்னு ஆயிடுமே."

"பொய்தானேண்ணே."

யாரோ சிரித்தார்கள். மைக்கின் காது சிவந்தது.

"பொதுக் காரியம்னா நாலு பேருக்குக் கஷ்டம் இருக்கத்தான் செய்யும். நாட்டையே திருத்தப் போறோம், நீ வேனைப் பத்திப் பேசுற."

"வேன் வரலன்னா அவ செத்துப்போயிடுவாண்ணே."

பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். மைக் மேலே மின்விசிறியைப் பார்த்தார். "தீர்மானமா வை, பரிசீலிப்போம்."

தையற்காரர் அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன மாதம் ஒரு நாள் விடிகாலையில், உடைந்த பாலத்தைச் சுட்டிக்காட்டிப் படம் எடுத்துக்கொள்ள எப்படி நிற்பது என்று மைக் தனியாக ஒத்திகை பார்த்தார். பலகை புரண்டது. இடுப்பளவு சாக்கடையில், வெள்ளைப் பேன்ட்டோடு நின்றார். கடவுள் சிலரைத் திருத்த நினைத்தால் மேடையில் ஏற்றுவதில்லை, அங்கேதான் இறக்குகிறார். பால் வாங்கப் போன தையற்காரர் அவரைத் தூக்கி, தன் வீட்டுப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய் வெந்நீர் கொடுத்து, பேன்ட்டை அலசி, முழங்காலில் கிழிந்ததைத் தைத்து, இஸ்திரி போட்டு அனுப்பினார். வெளியே தெரிந்திருந்தால் ஜெராக்ஸ்காரர் அதைப் படம் வரைந்தே நகல் எடுத்திருப்பார். தெரியவில்லை. தையற்காரர், தூங்கி எழுந்த மனைவியிடம்கூட, பால் கடையில் கூட்டம் என்றுதான் சொல்லியிருந்தார்.

இப்போதும் சொல்லவில்லை. படிவத்தை மடித்துக்கொண்டு, "வரேண்ணே" என்று எழுந்தார். பத்துப் பேர் முன்னிலையில் அந்த ஒரு வார்த்தை வரப்போகிறது என்று முதுகு வியர்த்திருந்த மைக், அது வராததால் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை மதியம், பல் வலி என்று சொல்லிவிட்டு மைக் வெளியே வந்தார். சந்து வழியாக, வீட்டோடு சேர்ந்த தையற்கடையின் பின்பக்கம் போனார். கதவு திறந்திருந்தது. தையற்காரர் மகளுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கப் பள்ளிக்கூடம் போயிருந்தார். உள்ளறையில் அவர் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. படிவம் வெட்டும் மேசையில், கத்தரிக்கோலுக்கு அடியில் கிடந்தது.

மைக் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். அதற்கு மேலே ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'இவர் இத்தெருவில் குடியிருப்பது உங்களுக்கு எவ்வாறு தெரியும்?' அவர் 'பக்கத்து வீடு' என்று எழுதலாம் என்று பார்த்தார். அதுவும் பொய். 'கட்சித் தொண்டர்' என்று ஆரம்பித்து, இரண்டு எழுத்திலேயே அடித்தார். பிறகு, நகராட்சியில் யார் படித்தாலும் படிக்கட்டும் என்று எழுதினார்: 'சாக்கடையில் விழுந்தேன். இவர் தூக்கினார். இவர் வீட்டில்தான் குளித்தேன்.'

படிவத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நகராட்சிக்கு நடந்தார். உணவு இடைவேளை, வராந்தாவில் யாருமில்லை. மனுப் பெட்டியின் வாய் குறுகல், காகிதம் பாதியில் மாட்டியது. இரண்டு விரலால் உள்ளே தள்ளி, அது முழுதாக விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினார்.