பம்ப் வாய் எந்தப் பக்கம்

அந்தப் பட்டறையில் அவளை எல்லோரும் நூலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நூல் பிசகினாலும் வேலையை வெளியே விடமாட்டாள், அப்படி ஒட்டிக்கொண்ட பேர். எஞ்சினைப் பிரித்துப் போடுவது புருஷன் வேலை. காரை ஓட்டிக் காட்டுவது கொழுந்தன் வேலை. அளப்பதும் கடைவதும் துளை போடுவதும் இவள் பாடு.

அடுத்த வாரம் மலைப்பாதைப் பந்தயம். கொழுந்தன் எங்கேயோ அலைந்து, எஞ்சினுக்குள் காற்றை ஊதித் திணித்து வேகம் கூட்டும் பெரிய டர்போ ஒன்று கொண்டுவந்திருந்தான். அதைத் தாங்க எஞ்சினின் உடம்பாக எந்த பிளாக் என்பதில்தான் வீட்டுக்குள் சண்டை.

மேஜைமேல் இரண்டு பிளாக்குகள் இருந்தன. உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன், கண்ணுகளா. ஒரு தொட்டிக்குள் நாலு டம்ளரை நிறுத்தி, அடிப்பக்கம் மட்டும் ஒட்டிவிட்டு, சுற்றித் தண்ணீர் ஊற்றியது போல இருந்தால் அது திறந்த பிளாக். டம்ளர் வாய்கள் மேலே எதையும் பிடிக்காமல் தனித்தனியாக நிற்கும். அதே தொட்டிக்கு மேல்மூடி போட்டு, டம்ளர் வாய்களை மூடியோடு சேர்த்து வார்த்து, தண்ணீர் ஏறச் சின்னச் சின்ன ஓட்டை மட்டும் விட்டிருந்தால் அது மூடின பிளாக். டம்ளர் என்றது சிலிண்டரை. எந்த பிளாக் ஆனாலும் அதன் தலைமேல் ஹெட் உட்காரும், நடுவில் கசியாமலிருக்க வைக்கும் மெல்லிய தகடுதான் கேஸ்கட்.

"இதான் வேணும்," என்று மூடினதைத் தட்டினாள் நூலக்கா. "உன் டர்போ சும்மா ஊதாது தம்பி, பேய் மாதிரி ஊதும். திறந்ததுல சிலிண்டருக்கு மேல பிடிமானமே இல்ல. ஆடும். ஆடினா கேஸ்கட் போகும். கேஸ்கட் போனா..."

"நானும் போவேன், அதானே அண்ணி?"

"வாயைக் கழுவு முதல்ல."

"இந்தக் கருங்கல்லைத் தூக்கி வெச்சா காரு மலை மேல ஏறாது, மலைதான் காரு மேல ஏறும். என்னோடதுல பாருங்க, தண்ணி சிலிண்டரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஓடுது."

"தண்ணி கட்டிப்பிடிக்கும். தாங்கிப் பிடிக்காது."

புருஷன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "காலையிலயே ஆரம்பிச்சாச்சா? திறந்ததையே மூடிட்டா போச்சு. இடைவெளிக்குச் சரியா ஒரு தட்டு வெட்டி இறக்கு. தண்ணிக்கு ஓட்டை போடு. அவனுக்கு எடையும் ஏறாது, உனக்குப் பிடிமானமும் கிடைக்கும்."

அவள் மனசு ஒப்பவில்லை. ஆனால் அந்தத் தட்டை வேறு யாராலும் அப்படி வெட்ட முடியாது என்று தெரியும். அந்த எண்ணம் தலையாட்ட வைத்தது.

தட்டு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. மிச்சம் தண்ணீர் ஓட்டைகள். அதற்கு அவள் வழி ஒன்றுதான்: கேஸ்கட்டையே மேலே விரித்து, அதில் எங்கே எந்த அளவில் ஓட்டை இருக்கிறதோ அப்படியே துளை போடுவது. தண்ணீரைத் தள்ளும் பம்ப் எஞ்சினின் முன்பக்கம் இருக்கிறது. முன்னாலேயே பெரிய ஓட்டை இருந்தால் தண்ணீரெல்லாம் அங்கேயே மேலேறிவிடும், கடைசியில் நிற்கும் நாலாவது சிலிண்டர் காய்ந்துபோகும். அதனால் கேஸ்கட்டில் முன்பக்கம் சின்ன ஓட்டைகள், பின்னால் போகப் போகப் பெரியவை.

இருபது வருஷமாக அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். துளை மேடையில் எந்த பிளாக்கை வைத்தாலும் பம்ப் வாய், அதாவது பம்ப் மாட்டுகிற முன்பக்க ஓட்டை, கதவைப் பார்த்துத்தான் இருக்கும். யாரும் எழுதி வைக்கவில்லை, அப்படியே பழகிவிட்டது. அன்றைக்கு அவள் பின்னறையில் டிரில் பிட்டுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள். தூக்கும் சங்கிலி முறுக்கிக்கொண்டது. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு, பிளாக் எப்படித் திரும்பியதோ அப்படியே மேடையில் இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அவள் வந்தாள். கேஸ்கட்டின் முன்முனையைக் கதவுப் பக்கம் வைத்தாள். போல்ட் ஓட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கச்சிதமாகப் பொருந்தின. குனிந்து பார்க்கவில்லை. துளைத்தாள்.

கொழுந்தன் எஞ்சினைப் பூட்டும்போது தட்டின் ஓட்டைகளைப் பார்த்தே கேஸ்கட்டை வைத்தான், எல்லா ஓட்டைக்கும் நேராக ஓட்டை தெரிந்தது. "நூலக்கான்னா நூலக்காதான்," என்று விசிலடித்தான்.

மூன்றாம் நாள் காலை வெள்ளோட்டம். மலையில் மூன்று தரம் ஏறி இறங்குவது. முதல் தரம் நிதானமாக, இரண்டாவது பாதி வேகம், மூன்றாவதில் டர்போவை முழுசாகத் திறந்துவிடுவது. பக்கத்து இருக்கையில் அண்ணன். வெள்ளோட்டத்துக்குப் போனை எடுத்துப்போகக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். வளைவில் மணி அடித்துக் கவனம் சிதறக் கூடாது பாருங்கள். இரண்டு போனும் தகர டப்பாவுக்குள் போயின.

"ராத்திரி என்ன சாப்பாடு அண்ணி?"

"முதல்ல உங்க அண்ணனை முழுசா கொண்டுவந்து சேரு. அப்புறம் சொல்றேன்."

சிரித்துக்கொண்டே போனார்கள்.

அவள் பெருக்கத் தொடங்கினாள். துளை மேடையில் உலோகச் சுருள்களை வழித்தபோது, பிளாக் இருந்த இடத்தில் ஒரு கறை கண்ணில் பட்டது. செம்பழுப்புக் கறை. பழைய தண்ணீர் பம்ப் வாயிலிருந்து சொட்டிக் காய்ந்தது. எப்போதும் இருப்பதுதான்.

ஆனால் கறை சுவர்ப் பக்கம் இருந்தது.

துடைப்பம் கையிலேயே நின்றது. கதவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு அளவுக்கு வைத்திருந்த கேஸ்கட்டை ஆணியிலிருந்து எடுத்து, அன்றைக்கு வைத்த மாதிரியே காற்றில் பிடித்துப் பார்த்தாள். பெரிய ஓட்டைகள் முன்னால். ஊசி ஓட்டைகள் நாலாவது சிலிண்டருக்கு. சூடு காட்டும் முள்ளுக்குப் போகிற கம்பியும் முன்பக்கம்தான். நாலாவது வெந்துகொண்டிருக்கும், முள் நடுவில் சமர்த்தாக நிற்கும். சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் ஊதிப் போய் இறுகிப் பிடித்தால் சக்கரமும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். வளைவில் பிடித்தால்?

அவள் அதற்குமேல் நினைக்கவில்லை. டப்பாவில் கிடந்த போன்களை ஒரு பார்வை பார்த்தாள். சட்டம் போட்ட வாயை நொந்துகொண்டாள். மொபெட்டை உதைத்தாள்.

மலையடிவாரத்துக்குக் கால் மணி நேரம். காற்று எதிரில் வந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. பாலம் தாண்டியதும் கேட்டது. மேலே எங்கோ டர்போவின் சீட்டிச் சத்தம், நீளமாக, ஒரு வளைவில் மறைந்து அடுத்த வளைவில் வந்தது. கேட்கும்போது உயிர் வந்தது, மறையும்போது போனது. ஒரு வளைவில் மறைந்தது வரவேயில்லை. எண்ணினாள். பத்து. இருபது. முப்பது.

அப்புறம் இறங்குகிற சத்தம். இது எத்தனாவது தரம்? தெரியாது. அடிவாரத்தில் திரும்பினால் நிற்காமல் மறுபடி ஏறிவிடுவான். மொபெட்டைப் போட்டுவிட்டு நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

கார் வளைவில் திரும்பியது. டயர் கதறியது. அவள் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது.

"என்ன அண்ணி, உசுரு மேல ஆசை இல்லையா?" கொழுந்தன் தலையை நீட்டினான். "ரெண்டு தரம் முடிஞ்சுது. முள்ளைப் பாருங்க, நடு சென்டர்! இனிமேதான் நிஜமான..."

"எஞ்சினை நிறுத்து."

"ஒரே ஒரு தரம்..."

"நிறுத்துடா!"

அவள் அவனை டா போட்டது அன்றைக்குத்தான். நிறுத்தினான்.

பானெட்டைத் தூக்கினாள். குடிக்கிற தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பிளாக்கின் முன்பக்கம் ஒரு சொட்டு விட்டாள். அது மெதுவாக வழிந்தது. பின்பக்கம், நாலாவதன் மேல் ஒரு சொட்டு. விழுந்த சொட்டு காணோம். சுர்ரென்ற சத்தம் மட்டும் இருந்தது.

ஆறுகிற உலோகம் டிக், டிக் என்றது. அப்புறம் உள்ளே எங்கோ ஒரு சத்தம், விரலைச் சொடுக்கினது போல. அவ்வளவுதான்.

"பம்ப் வாய் சுவர்ப் பக்கம் இருந்துச்சு," என்றாள். "நான் கேஸ்கட்டைக் கதவுப் பக்கம் வெச்சேன்."

கொழுந்தன் திரும்பி மலையைப் பார்த்தான். ஏழாவது வளைவில் தடுப்புச் சுவர் கிடையாது, அது மூவருக்கும் தெரியும்.

"சங்கிலி முறுக்குச்சே, அன்னிக்கு நாங்கதான் திருப்பி வெச்சோம் அண்ணி."

"வெச்சது நீங்க. பாக்காதது நான்."

புருஷன் அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மூடினார். மூடி நாலைந்து தரம் வழுக்கியது.

அந்த வழியாக வந்த லாரியில் கயிறு கட்டி காரைப் பட்டறைக்கு இழுத்துவந்து ஹெட்டைக் கழற்றினார்கள். நாலாவது சிலிண்டரின் சுவரில் மயிரிழை போல ஒரு கோடு. அவள் நகத்தால் தடவினாள். நகம் மாட்டியது.

"இன்னொரு தரம் ஏறியிருந்தா..." என்று ஆரம்பித்த கொழுந்தன் அந்தக் கோட்டைத் தானும் தொட்டுப் பார்த்தான். பிறகு மூலையில் கிடந்த மூடின பிளாக்கைச் சங்கிலியில் மாட்டித் தூக்கி மேடையில் இறக்கினான். "கருங்கல்லே இருக்கட்டும் அண்ணி. டர்போவையும் பாதிக்குமேல திறக்க மாட்டேன். பூட்டிக் குடுங்க. நீங்க பூட்டினாத்தான் ஏறுவேன்."

அவன் அந்த நேரம் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், கண்ணுகளா. இப்படி நம்பிவிட்டானே.

புதுக் கேஸ்கட்டை எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"முன்பக்கம் எது?" என்று கேட்டாள்.

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் கை காட்டினார்கள். அவள் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. மேடையைச் சுற்றி வந்து, குனிந்து, பம்ப் வாய்க்குள் விரலை விட்டாள். குளிர்ந்திருந்தது. ஒரு கை கேஸ்கட்டின் மேல், ஒரு விரல் பம்ப் வாய்க்குள். விரலை எடுத்தால் அந்த வாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும் என்பது போல, அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.