தொம்மை குடித்ததில்லை

பெட்டிக்குள் குனிந்து, தம்பி தொம்மையின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தார் இருதயராஜ். பக்கத்தில் வந்து நின்ற அப்பாதுரை இடுப்பிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்துப் பிணத்தின் விலாவோரம் செருகினான்.

"இன்னாடா இது?"

"கோச்சிக்காதண்ணே. பதினெட்டு வருசம் ஒண்ணா கரண்டு கம்பம் ஏறனோம். எங்ககிட்ட ஒரு நாளும் காட்டிக்காம தனியாவே குடிச்சிக்கினு இருந்திருக்கான், அமுக்குணி. ஆசப்பட்டத எடுத்துக்கினு போவட்டும்."

தொம்மை வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவனில்லை. அது இருதயராஜுக்குத் தெரியும். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தொம்மையின் மனைவி லூர்து மேரிக்குத் தெரியும். திண்டிவனத்தில் மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. மகளுக்குக்கூட.

நாலு வருஷத்துக்கு முன் தொம்மை பூசை நடுவே எழுந்து சாமியாரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். மிட்டாய்க் கடையில் ஜிலேபியை அள்ளி வாயில் திணித்துக்கொண்டு தன் பாட்டுக்கு நடந்தான். சாவு வீட்டில் சிரித்தான். புதுச்சேரி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மூளையின் முன்பக்கம் சுருங்கிக்கொண்டே வந்திருந்தது.

"அவரு வேணும்னு பண்ணல. மனுஷனுக்கு வெக்கம், அடக்கம் எல்லாத்தையும் அந்த இடம்தான் பாத்துக்குது. சில குடும்பத்துல இது ரத்தத்தோட வருதுன்னு இப்ப ஆராய்ச்சில கண்டுபிடிச்சிருக்காங்க. உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?"

"எங்க வம்சத்துல அப்படி யாரும் இல்ல" என்று எழுந்துவிட்டார் இருதயராஜ். பெருமுக்கலில் பூட்டிய அறைக்குள் செத்துப்போன அத்தையைப் பற்றி அவர் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்தார். "குடின்னு சொல்லிடலாம். குடிகாரன் பொண்ண கட்டுவாங்க. மூள கெட்டவன் பொண்ண எவன் கட்டுவான்?"

லூர்து மேரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சரி மாமா. ஆனா இவர மண்ணுக்கு அனுப்பற அன்னிக்கு நீங்களே வாயத் தொறந்து உண்மைய சொல்லிடணும்."

சொல்கிறேன் என்றார். இருதயராஜ் சொன்ன சொல் தவறியதாக ஊரில் ஒருவரும் பேசியதில்லை.

அந்த நாள்தான் இது. ஆனால் தொம்மையின் மகள் சகாய பிரியாவுக்கு, கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது, வரும் ஞாயிறு. மாப்பிள்ளையின் அப்பா சவரிநாதன் வளவனூரிலிருந்து மாலையோடு வந்து எதிரிலேயே நிற்கிறார்.

பாட்டிலை அவரும் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து தோளைத் தொட்டார்.

"வுடுங்க சம்பந்தி. எங்க வூட்ல மட்டும் இல்லியா? என் தம்பி டாஸ்மாக்லதான் குடித்தனமே பண்றான். குடி அந்தந்த மனுஷனோட போயிடும்."

இருதயராஜ் வாயைத் திறந்தார். லூர்து மேரியைப் பார்த்தார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து கிடந்த மகளைப் பார்த்தாள். பிறகு வெள்ளைத் துணியின் ஓரத்தை இழுத்து, பாட்டில் வெளியே தெரியாதபடி போர்த்திவிட்டாள். அது சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"சாமியார் காத்துக்கினு இருக்காரு" என்றார் இருதயராஜ். "மூடுங்க."

பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தார். மறு மூலைக்கு வேறு யாரையும் விடாமல் சவரிநாதனே வந்தார். தெருமுனை திரும்பியதும் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"கால் ஒத்து வரல சம்பந்தி" என்றார் சவரிநாதன், மெதுவாக.

அவர் குட்டை. இருதயராஜ் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் கார்டாக இருந்த நாளிலிருந்தே நிமிர்ந்து, எட்டி நடந்தே பழகியவர். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, அடியைக் குறுக்கி, சவரிநாதன் நடைக்குத் தன் நடையைச் சேர்த்துக்கொண்டார்.